அச்சேறினால் தரமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் கைவிட்டது. இதனால் ஆய்வுத்தரம் சரியும் என்று வாதிடுகிறார்கள். பழைய விதி எந்தத் தரத்தைக் காத்தது? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு நிரந்தர வாடிக்கையாளர்களைத் தந்ததுதான் அது. மானியக் குழு, தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. அதற்கு மாற்றாக வந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. அளவுகோலே இப்படி ஆட்டம் கண்டபின், அதைக்கொண்டு மாணவரை அளப்பது எப்படி நியாயம்?

கட்டாயம் இல்லையென்றால் யாரும் எழுதமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். கல்லூரி வேலை வேண்டுவோர் எழுதத்தான் செய்வார்கள்; அவசரத்துக்கு அல்லாமல் சொல்ல ஏதேனும் இருக்கும்போது எழுதுவார்கள். ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித் தேர்வாளர்கள் வேண்டப்பட்டவர்களாக இருந்துவிடுகிறார்களே என்ற குறை மட்டும் உண்மையானது. ஆனால் அது தேர்வாளர் நியமனத்தின் நோய். மருந்தையும் அங்கேதான் போட வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே இருந்து குறைந்தது இரு தேர்வாளர்கள், பொது வாய்மொழித் தேர்வு இரண்டும் 2022 விதியிலேயே இருக்கின்றன. தரத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள் முதலில் அந்த வாய்மொழித் தேர்வுகளுக்குப் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.