டிரம்ஸ் இருக்கையில் இன்னொருவர்

1999-ல் கென் ஓவெனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. கோமாவில் கிடந்து, உயிர் பிழைத்து, எழுந்து நடக்கப் பழகினார். ஆனால் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நான்கு வேலை பார்க்கவேண்டிய டிரம்ஸ் இருக்கைக்கு அவரால் முழுநேரமாகத் திரும்ப முடியவில்லை.

லிவர்பூல் என்றால் உலகத்துக்கு பீட்டில்ஸ்தான். அதே ஊர்ப்பக்கம் 1985-ல் பில் ஸ்டீர் என்ற பதின்வயதுப் பையன் கிட்டாரும், ஓவென் டிரம்ஸுமாகத் தொடங்கிய கூட்டணிதான் பிற்பாடு ‘கார்காஸ்’ என்ற டெத் மெட்டல் இசைக்குழுவாக வளர்ந்தது. பேஸ் கிட்டாருக்கும் குரலுக்கும் ஜெஃப் வாக்கர் வந்து சேர்ந்தார். 1996-ல் ஓர் ஆல்பம், அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த ஆல்பம் ‘சர்ஜிகல் ஸ்டீல்’ வந்தது 2013-ல். நடுவில் 17 வருடம்!

டெத் மெட்டல் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டாரின் சுருதியை வழக்கத்தைவிட நன்றாக இறக்கிவிடுவார்கள். டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் ஓடும். குரல் பாடாது, உறுமும். கார்காஸ் பாட்டுகளின் சொற்களோ மருத்துவக் கல்லூரிப் புத்தகத்தைப் பிய்த்துப் போட்டதுபோல இருக்கும். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பே, அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் எஃகுக்கான அமெரிக்கத் தரநிர்ணய எண்! இன்னொரு பாட்டுக்கு இறைச்சிக்கூடத்துக் கருவியின் பெயர். இத்தனைக்கும் ஸ்டீர் அசைவமே தொடாதவர்.

சரி, வாசிப்பு எப்படி?

முதலில் டிரம்ஸ். ஓவெனின் இடத்தில் உட்கார்ந்தவர் டான் வைல்டிங் என்ற இளைஞர். மற்றவர்களைவிட ஒரு தலைமுறை சின்னவர். மெட்டல் உலகத்தில் ‘பிளாஸ்ட் பீட்’ என்று ஒன்று உண்டு. ஸ்நேர் எனும் சிறு மேளம், காலால் மிதிக்கும் பெரிய மேளம், தட்டு மூன்றும் இடைவெளியே இல்லாமல் பொரிந்து தள்ளும். பல இளம் டிரம்மர்கள் இதைத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. வைல்டிங் நிறுத்துகிறார். கிட்டார் மெட்டு தெளிவாகக் கேட்கவேண்டிய இடத்தில் பாதி வேகத்துக்கு இறங்கி வழிவிடுகிறார். பாட்டு அடுத்த பகுதிக்குத் தாவும்போது மட்டும் மறுபடி பாய்கிறார். காலப்பிரமாணம் ஓரிடத்திலும் நழுவவில்லை.

ஆனாலும் பழைய ரசிகர்களின் காது ஒன்றைத் தேடும். ஓவெனின் அடியில் ஒரு தள்ளாட்டம் உண்டு. தாளத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுந்து, ‘இப்போது கவிழ்ந்துவிடும்’ என்று பயமுறுத்திவிட்டு, கடைசி நொடியில் நிமிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்து வராத வாசிப்பு அது. வைல்டிங் அவரைப் போல நடிக்க முயலவில்லை. அதுதான் அவர் செய்த சரியான காரியம். துல்லியம் கூடியிருக்கிறது, அந்தக் குறும்பு குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை.

அடுத்து கிட்டார். கார்காஸின் புகழ்பெற்ற 1993 ஆல்பமான ‘ஹார்ட்வொர்க்’கில் ஸ்டீருக்குத் துணையாக மைக்கேல் அமாட் இருந்தார். இரண்டு கிட்டார்களும் கைகோத்துக்கொண்டு மெட்டுப் பாடுவதுதான் அதன் அழகு. இந்த முறை அமாட் இல்லை. இரண்டு கிட்டார் பகுதிகளையும் ஸ்டீர் ஒருவரே தனித்தனியாக வாசித்துப் பதிந்திருக்கிறார். ‘1985’ என்று பெயரிட்ட தொடக்க இசையைக் கேட்டால் ஒரே ஆள் என்று தோன்றாது. ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் இரண்டு பேர் போலிருக்கும்.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. ‘ஃபயர்பேர்ட்’ என்ற சிறு குழுவில் 1970-களின் ப்ளூஸ் ராக் பாணியில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் இங்கே தனி வாசிப்புகளில் தெரிகிறது. கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் அழவிட்ட பிறகே அடுத்ததற்குப் போகிறார். எத்தனை ஸ்வரம் என்று எண்ணவைக்கும் வாசிப்பு இல்லை. இந்த ஆல்பத்தில் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியது இதைத்தான்.

வாக்கரின் குரல், நறநறவென்று கண்ணாடித்தூளை மெல்லுவதுபோல, பழைய கசப்போடு அப்படியே இருக்கிறது. கோபத்திலும் சொல் புரிகிறது, இந்த வகை இசையில் அது அபூர்வம். அவருடைய பேஸ் கிட்டார்தான் பாவம். கிட்டார் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆண்டி ஸ்னீப்பின் ஒலிக்கலவை பளபளவென்று சுத்தம். சில நேரம் தேவைக்கு மேல் சுத்தம். நடுவில் வரும் இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றுபோலவே ஓடுவதையும் சொல்லாமல் விடமுடியாது.

சத்தத்துக்குப் பயப்படுபவர்கள் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்கலாம். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் அது அகூஸ்டிக் கிட்டாரோடு அமைதியாகத்தான் ஆரம்பிக்கிறது. இடி பின்னால் வருகிறது.

இனி ஓவென். 2008-ல் குழு மீண்டும் மேடையேறியபோது சில நிகழ்ச்சிகளில் நண்பர்கள் அவரையும் அழைத்துப்போனார்கள். சில நிமிடங்கள் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அடிகள் மெதுவாகத்தான் விழுந்தன. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ பதிவிலும் அவர் இருக்கிறார். டிரம்ஸில் அல்ல, வாக்கருக்குப் பின்னால் துணைக்குரலாக. அத்தனை உறுமல்களுக்கு நடுவே எது அவருடையது என்று ஹெட்போன் போட்டுக் கேட்டாலும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.