எழுத்தழித்தார் எவரும் பகைவரே!

மண்ணை இழந்த இனம் அதனை மீட்டுக்கொள்ளுதல் கூடும். தான் இன்ன இனம் என்பதற்குரிய சான்றுகளை இழந்த இனம் எதனை மீட்பது? யாரிடம் சென்று கேட்பது? ஆகலான்தான் ஓரினத்தை வேரோடு சாய்க்க எண்ணுவார் அதன் படைவீட்டை அழித்ததோடு அமையாமல், ஏட்டறைக்கும் தீ வைக்கின்றனர். அத்தீயினின்று ஏட்டையும் எழுத்தையும் காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடைதேடிக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிமாநகரின் கற்களே விடைகூறும்.

காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாயநாதர் கோயிலிலே, முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டொன்று இருக்கின்றது. பல்லவர் கோயிலிற் கன்னடம் புகுந்தது எவ்வாறு? கி.பி. 740-ஐ ஒட்டிச் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். கோயிற் செல்வத்தைக் கண்ணாற் கண்டான். ஆயினும் கவர்ந்து செல்லவில்லை. இறைவனுக்கே மீட்டுக் கொடுத்தான். அதனைத்தான் அவ்வெழுத்துகள் கூறுகின்றன. அவற்றின் முடிவில் ஒரு கெடுமொழியும் உண்டு. இவ்வெழுத்துகளையும் அவ்வரசனின் அறத்தையும் அழிப்பவர், இந்நகரத்துக் கடிகையோரைக் கொன்றவர் புகும் உலகிற் புகுவர் என்பது அது. கடிகை என்பது காஞ்சியிலிருந்த கல்விக்கழகம். அது பெரிதும் வடமொழிக் கல்வியையே ஓம்பியது என்பது வேறு செய்தி. ஈண்டு நோக்கத்தக்கது, எழுத்தை அழிப்பதும் கற்றோரைக் கொல்வதும் ஒரே தீவினை என்று வென்றவனே பொறித்துவைத்தான் என்பதே.

அவனுக்குப் பழிவாங்கக் கரணியம் இல்லாமலில்லை. கி.பி. 642-இல் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகராகிய வாதாபியை வீழ்த்தினான். அவ்வெற்றியைக் கூறும் பல்லவர் கல்வெட்டு இன்றும் அவ்வூர்ப் பாறையிற் சிதைந்த நிலையில் உள்ளது. நூறாண்டுப் பகையை நெஞ்சிற் சுமந்து வந்த படை, காஞ்சிக் கோயிலைத் தொடாமல் மீண்டது. அம்மட்டோ? காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் தேவி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில், கயிலாயநாதர் கோயிலின் சாயலையே கொண்டது. அழிக்காமல் விட்டதனால் ஒரு கலை இரண்டாயிற்று.

தமிழரசர் யாவரும் இவ்வறத்தைப் போற்றினர் என்று சொல்லவும் வரலாறு இடந்தரவில்லை. சோழன் இராசாதிராசன் கலியாணபுரத்தை எரித்து, அங்கிருந்த வாயிற்காவலன் சிலையைக் கொள்ளைப் பொருளாகக் கொண்டுவந்தான். அச்செய்தியை அச்சிலையின் அடியிலேயே தமிழில் வெட்டியும் வைத்தான். நெடுங்காலம் தாராசுரத்திலிருந்த அச்சிலை இன்று தஞ்சையில் இருக்கின்றது. பிறர் செய்தால் அழிவு, தம்மவர் செய்தால் வீரம் என்று கொள்வது நடுவுநிலைமையாகாது. தன் செல்வத்தைக் காக்க உலகை வேண்டும் இனம், பிறர் செல்வத்திற் கைவைத்ததை மறைத்தலாகாது.

ஆயினும் வருகின்ற பகைவர் எல்லாரும் விக்கிரமாதித்தராக இருப்பரோ? இரார். பகைவன் நல்லவனாக வாய்ப்பது வாய்ப்பு. அதனை அரண் என்று கொள்ளலாகாது. இதனைப் பின்னொரு காலத்துக் காஞ்சிமக்கள் நன்குணர்ந்திருந்தனர். 1688-ஆம் ஆண்டளவில் முகலாயப் படையின் அச்சம் நகரைச் சூழ்ந்தபோது, வரதராசப் பெருமாளின் உலாத்திருமேனிகளை மறைவாக எடுத்துச்சென்று உடையார்பாளையத்துக் காட்டுப்புறத்திற் காத்தனர். அச்சம் நீங்கியபின் அத்திருமேனிகள் எளிதில் திரும்பினவா? இல்லை. உடையார்பாளையத் தலைவர் அவற்றை விட மனமின்றி வைத்துக்கொண்டார். ஆத்தான் சீயர் என்பவரின் வேண்டுகோளால், தோடர்மல் என்னும் படைத்தலைவர் முன்னின்று 1710-இல் அவற்றை மீட்டுக் காஞ்சியிற் சேர்ப்பித்தார். அதனைக் கூறும் கல்வெட்டு அக்கோயிலிலேயே உள்ளது. காமாட்சியின் பொற்றிருமேனியோ திரும்பவே இல்லை. ஊர்கள் பல கடந்து தஞ்சையை அடைந்து, இன்றும் அங்கேயே தனிக்கோயில் கொண்டிருக்கின்றது.

போர்க்காலத்திற் பொருளைக் காப்பது பாதி வேலை. போர் ஓய்ந்தபின் அதனை உரிய இடத்திற் கொண்டுசேர்ப்பது மறுபாதி. இன்ன பொருள், இன்ன ஊர்க்குரியது, இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அறிந்தவர் இருந்தால்தான் இரண்டாம் பாதி நிறைவேறும். சான்று இல்லாத பொருளின் கதி யாது? பத்தாம் நூற்றாண்டுக் கற்படிமங்களாகிய யோகினியர் பலர், காஞ்சிப் பகுதியிலிருந்து வெள்ளையர் ஆட்சியில் வெளியே கொண்டுசெல்லப்பட்டு இலண்டன், பாரிசு, வாசிங்டன் அருங்காட்சியகங்களிற் சிதறிக் கிடக்கின்றனர். அவர்கள் இருந்த கோயில் எங்கே நின்றதென்று இன்று உறுதியாகச் சுட்டுவாரில்லை. மீட்க எண்ணினும் எந்த வாயிலிற் கொண்டுவந்து நிறுத்துவது?

இனி, தமிழினம் தன் நெஞ்சில் தழும்பாகச் சுமக்கும் தீயை நோக்குக. 1933-இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூற்றொகுதியே வளர்ந்து யாழ்ப்பாணப் பொதுநூலகமாயிற்று. சீர்காழியிற் பிறந்த நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் அறிவுரையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைவும் பெற்று எழுந்த அதன் பெருங்கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. மாவட்ட வளர்ச்சி மன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர், 1981 மே 31-ஆம் நாள் இரவு, காவலுக்கென வந்த காவலரும் அவரொடு கூடிய காடையரும் அதற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் தொலைவில் நின்று அத்தீயைக் கண்டார், கண்டவாறே உயிர்நீத்தார். தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடித் தேடித் தொகுத்தவர் அவர். நூல் எரிந்ததனால் ஒருவர் இறப்பாரோ என்று ஐயுறுவார், கடிகையோரைக் கொல்வதும் எழுத்தை அழிப்பதும் ஒன்றே என்ற காஞ்சிக் கல்வெட்டை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

வரதராசர் திருமேனியைப் போல் அந்நூல்களை எடுத்துச்சென்று மறைத்தற்கு ஓரிரவு கூடக் கிடைக்கவில்லை. ஆயின் எரிந்தவற்றுள் எது பிழைத்தது என்று ஆய்வது இன்றியமையாதது. யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடி அத்தீயில் அழிந்தது என்பர். ஆனால் அந்நூல் அழியவில்லை. என்னை? முன்னரே அச்சேறியிருந்தது. படியெடுக்கப்பெறாத ஏடுகளோ ஓலையோடு சொல்லும் போய், இருந்தன என்ற பெயரளவில் நின்றன. இழப்பையும் பிழைப்பையும் பிரித்தது பகைவனின் இரக்கமன்று. முன்னரே எடுத்துவைத்த ஒரு படியே.

அந்நூலகக் கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. கட்டடத்தைச் சுண்ணமும் கல்லும் கொண்டு மீட்கலாம். ஒரே படியாக இருந்த ஏட்டை எதனைக்கொண்டு மீட்பது? இதனை உணர்ந்த ஈழத்தமிழ் இளைஞர், 2005-இல் ‘நூலகம்’ என்னும் பெயரில் மின்வழித் தொகுப்பொன்றைத் தொடங்கினர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் படிக்குமாறு வைத்து வருகின்றனர். பல நாடுகளிற் பல படிகளாக இருக்கும் நூலை எந்தத் தீப்பந்தம் எரிக்கும்?

உலகச் சட்டம் இல்லையா எனின், உண்டு. போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வங்களைக் காத்தற்குரிய பன்னாட்டு உடன்படிக்கை 1954-இல் ஏகு நகரில் உருவாயிற்று. இந்தியா அதில் 1958-இற் சேர்ந்தது. இலங்கை சேர்ந்ததோ 2004-இல். நூலகம் எரிந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் திம்புக்து நகரில் தொன்மையான கல்லறை மாடங்களை இடித்தவனுக்கு, 2016-இல் பன்னாட்டுக் குற்றவியல் முறைமன்றம் ஒன்பதாண்டுச் சிறை விதித்தது. அத்தீர்ப்பு வேண்டுவதே. ஆயினும் அந்நகரின் பல்லாயிரம் கையெழுத்துச் சுவடிகளைக் காத்தது தீர்ப்பன்று. தகரப்பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாக்கோவிற் சேர்த்த ஊர்மக்களே காத்தனர். சட்டம் அழிந்தபின் வரும். மக்கள்தாம் அழியுமுன் வரல்வேண்டும்.

ஆகவே தமிழகத் தமிழர் இன்று செய்யவேண்டுவது யாது? போர் இல்லாத காலமே படியெடுக்கும் காலம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலமாக மைசூரில் முடங்கிக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இற் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இடம் மாறினாற் போதாது. இன்னும் அச்சேறாதவை மிகப்பல, அவை அச்சேறல்வேண்டும். அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலிற் களவுபோன ஆடல்வல்லான் திருமேனி, ஆத்திரேலியாவிலிருந்து 2014-இல் மீண்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்துவைத்திருந்த நிழற்படம் அதற்குப் பெருஞ்சான்றாயிற்று. அத்தகைய படம் இல்லாத சிற்றூர்க் கோயில்கள் எத்தனை!

இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பகைவன் வாராத ஊர்களிலும் எழுத்து அழிந்துகொண்டிருக்கின்றது. திருப்பணி என்னும் பெயரால் மணலை விசையொடு பீய்ச்சிக் கல்லெழுத்தைத் தேய்த்தவர் யார்? எழுத்துள்ள கல்லைத் தலைகீழாகப் பதித்துத் தளமிட்டவர் யார்? பரணிற் கிடந்த பாட்டன் சுவடியை ஆற்றில் விட்டவரும் அடுப்பில் இட்டவரும் யார்? தீப்பந்தம் ஏந்தி வந்த காடையர் அல்லர், தமிழரே. விக்கிரமாதித்தனின் கெடுமொழி, எழுத்தை அழிப்பவர் சாளுக்கியராயினும் பல்லவராயினும் என்று பிரித்துப் பேசவில்லை.

காஞ்சியிலும் பிற ஊர்களிலும் உள்ள தமிழ்மன்றத்தினர் ஆளுக்கொரு கோயிலை எடுத்துக்கொள்க. அதன் கல்வெட்டுகள் எத்தனை, படியெடுக்கப்பெற்றவை எவை, திருமேனிகள் எவை, அவற்றிற்கு நிழற்படம் உண்டா என்று பட்டியலிடுக. பட்டியலை ஓரிடத்தில் மட்டும் வையாது மூன்றிடத்தில் வைக்க. வீட்டிற் சுவடி வைத்திருப்பாரிடம் சென்று, அதனைப் பறிக்காமற் படியெடுத்துத் தருக. திருப்பணி நடக்குமிடத்தில் எழுத்துக்குக் காவலாக ஒருவர் நிற்க. இவற்றிற்கு அரசாணை வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா. தமிழைப் படிக்கத் தெரிந்த கண்ணும், ஞாயிற்றுக்கிழமையில் அரை நாளும் போதும்.

யாழ்ப்பாணத்தில் தீ வைத்தவரைப் பழித்தல் எளிது, பழிக்கத்தக்கவரே அவர். ஆனால் அத்தீக்கு முன்னர் எடுக்கத் தவறிய படிகள், இன்று தமிழகத்தில் எடுக்கப்பெறாமலேயே கிடக்கின்றன. அவற்றை எடுக்காமல் அந்நாளை ஆண்டுதோறும் நினைந்து கண்ணீர் வடிப்பதனால் ஓர் ஓலையும் மீளாது. எடுக்கத் தொடங்குக!