உறங்கும் கண்கள்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் புத்தூர் நிலையத்தில் நம்மைக் காண வந்தார். பிழைப்பை நாடிக் கம்பத்திலிருந்து இப்பக்கம் வந்து குடியேறியவர். அவருடைய தமையனார் ஊரிலேயே இருந்து பன்னீர்த் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார்.

“ஐயா, கவாத்து செய்து இருபது நாளாயிற்று. குச்சியின் நுனிக் கண் மட்டும் தளிர்த்திருக்கிறது. கீழ்க் கண்கள் உறங்குகின்றன. கையில் பணமில்லாமையால் இம்முறை மருந்து தடவவில்லை. இப்போதாவது கடன் வாங்கித் தடவலாமா?” என்று கேட்டார்.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த குமாஸ்தா. எனினும் நூல்களைப் புரட்டி அறிந்ததை அன்பருக்குச் சொன்னோம். அதனையே இங்கு எழுதுகிறோம்.

திராட்சைக் கொடியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கண் உண்டு. அதனுள் மூன்று சிறு மொட்டுகள் அடங்கியிருக்கின்றன. நடுவில் இருப்பதே தலைமையானது. அடுத்த விளைச்சலுக்குரிய பூங்கொத்தின் கருவும் கவாத்துக்கு முன்பே அதனுள் உருவாகிவிடுகிறது. ஆகவே உறங்கும் கண் செத்த கண் அன்று. சூல் கொண்ட கண்.

அதனை உறங்க வைப்பவை யாவை? முதலாவது, நுனியின் ஆதிக்கம். வளரும் நுனியில் ஆக்சின் என்னும் ஊக்கி சுரந்து கீழ்நோக்கிப் பாய்கிறது. அது பாயும் வரை கீழ்க் கண்களுக்குக் கைகாட்டி இறங்குவதில்லை. 1933-ஆம் ஆண்டில் திமன், ஸ்கூக் என்னும் இருவர் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளி, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தனர். நுனி இல்லாத போதும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. கவாத்து செய்தால் பழைய நுனி போகிறது; ஆனால் எஞ்சியவற்றுள் மேலே இருக்கும் கண் முந்தி விழித்துப் புதிய நுனியாகிவிடுகிறது.

இரண்டாவது, கண்ணுக்குள்ளேயே இருக்கும் அப்சிசிக் அமிலம். 1960-களில் அமெரிக்காவில் அடிகாட் குழுவினர் பருத்திக் காயிலும், பிரிட்டனில் வேரிங் குழுவினர் மர இலையிலும் தனித்தனியே கண்ட பொருள் இது. இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தபின், 1967-இல் ஒரே பெயர் இட்டனர். குளிர் நாடுகளில் பகற்பொழுது குறுகும்போது இது கண்ணில் பெருகி ஆழ்ந்த உறக்கத்தைத் தருகிறது. மாரிக்காலக் குளிர் இதனைக் குறைக்க, இளவேனிலில் கண்கள் யாவும் ஒருசேர விழிக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் அத்தகைய குளிர் ஏது? அங்கே கொடி ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கிறது. அதனால்தான் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கிடைக்கிறது. பன்னிரு மாதமும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் தொங்குகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அன்றோ அது! ஆனால் உறக்கத்தைக் கலைக்கும் குளிர் இல்லாமையால் கண்கள் ஒன்றுபோல் விழிப்பதில்லை. வரமும் குறையும் ஒரே வானத்திலிருந்து வருகின்றன.

ஜிப்ரெலினைத் தெளிக்கலாமே என்பாரும் உளர். அது தொடக்கத்தில் விழிப்பைத் தடுப்பதும் உண்டு. பூங்கொத்தாக வேண்டிய கருவைப் பற்றுக்கம்பியாக மாற்றுவதும் உண்டு. இதற்கு எதிர்மாறாக, சைட்டோகைனின் பற்றுக்கம்பியையே பூங்கொத்தாக்கும் என்று சீனிவாசனும் மல்லின்சும் 1978-இல் காட்டினர். ஊக்கிகள் இருபுறமும் வெட்டும் கத்திகள்.

அன்பர் கூறிய மருந்து ஹைட்ரஜன் சயனமைடு. அது கண்ணின் சுவாசத்தைச் சற்றே குலைத்து, அப்சிசிக் அமிலம் சிதைவதை விரைவுபடுத்தி எழுப்புகிறது. கவாத்து செய்த ஓரிரு நாளுக்குள் தடவுவதற்குரியது அது. பச்சை தோன்றியபின் பட்டால் தளிர் கருகும். ஆதலின் இம்முறை கடன் வாங்க வேண்டா என்றோம். நுனித் தளிரின் முனையைக் கிள்ளினால் ஆக்சின் குறைந்து, கீழ்க் கண்களுள் சில விழிக்கக்கூடும். எல்லாம் விழிக்கும் என்று சொல்ல இயலாது. தேனி மாவட்டத்து ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஒரு குச்சியை எடுத்துச் சென்று காட்டுவது நலம் என்றும் சொன்னோம்.

“மருந்தை எவ்வாறு தடவுவது வழக்கம்?” என்று பேச்சுவாக்கில் கேட்டோம்.

“துணியை நனைத்து வெறுங்கையால்தான். சென்ற ஆண்டு அன்று மாலையே அண்ணனுக்கு முகம் சிவந்து, மூச்சு வாங்கி, மயக்கம் வந்துவிட்டது. வெயில் என்று எண்ணினோம்.”

“அன்று சிறிது குடித்திருந்தாரோ?”

அன்பர் தலை கவிழ்ந்தார். அதுவே காரணமாக இருக்கலாம். இம்மருந்து தோலையும் கண்ணையும் புண்ணாக்குவது மட்டுமன்று; உடலுள் புகுந்தால் மதுவின் நஞ்சை உடல் முறிக்க வொட்டாமல் தடுக்கிறது. தடவுவதற்கு முன்னும், பின்னர்ப் பல நாளும் ஒரு வாய் மதுவும் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இன்றி அதனைத் தொடலாகாது. ஐரோப்பிய நாடுகள் பயிருக்கு இதனைப் பயன்படுத்துவதை விலக்கியே வைத்திருக்கின்றன.

அரக்கோணம் வண்டிக்கு மணி அடிக்குமுன் அன்பர் கைப்பேசியை எடுத்துத் தமையனாரை அழைத்தார். திராட்சையைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை.

கவாத்து வேலைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தார் யாவரும் இதனை மனத்தில் இருத்துவாராக. கொடியின் கண் ஒரு பருவம் உறங்கினால் மறு பருவத்தில் விழிக்கும்.