பழைய காருக்குப் பெரிய என்ஜின்: குற்றமா, தேவையா?

பழைய அம்பாசிடர் கார் ஒன்றின் என்ஜினை எடுத்துவிட்டு, அதைவிடத் திறன் கூடிய வேறொரு என்ஜினைப் பொருத்தி ஓட்டினால், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் புகுத்திய 182ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு அப்படித்தான் கூறுகிறது. அந்த மசோதா அவ்வாண்டு ஜூலையில் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, அபராதத் தொகைகளின் உயர்வும் மாநிலங்களின் உரிமையும்தான் பெரிதும் விவாதிக்கப்பட்டன. வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்கள் குறித்த இந்த வரிகள் உறுப்பினர்களை அதிகம் ஈர்த்ததாகச் சொல்வதற்கில்லை.

பொழுதுபோகாத பணக்காரர்களின் விளையாட்டுக்கு எதற்கு இத்தனை கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். அம்பாசிடரின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அந்த வண்டி, உடல் மாறாமல் என்ஜினை மட்டும் மாற்றி மாற்றியே அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்தது. முதலில் பழைய பாணி பக்கவால்வு என்ஜின். 1959-இல் 1489 சி.சி. என்ஜின், அதன் திறன் 55 குதிரைத்திறன். பின்னர் டீசல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. பெட்ரோல் என்ஜின், 75 குதிரைத்திறனுடன், ஐந்து கியர்களுடன் அதே உடலுக்குள் ஏறியது. அதே நிறுவனத்தின் கான்டெஸாவுக்கும் இதுவே நடந்தது. 1984-இல் அம்பாசிடரின் 1489 சி.சி. என்ஜினைத் தன்னைவிடக் கனத்த உடலில் சுமந்துகொண்டு வந்த அந்தக் கார், மேட்டில் மூச்சு வாங்கியது. இசுசு என்ஜின் பொருத்தப்பட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ஆக, பழைய உடலுக்குப் பெரிய என்ஜின் என்பது நிறுவனமே செய்து காட்டிய வேலை. நிறுவனம் செய்ததையே நாடெங்கும் பட்டறைகள் தம் போக்கில் செய்தன, இன்றும் செய்கின்றன.

எப்படிச் செய்கின்றன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நாடாளுமன்றச் செய்தி சேகரிக்கத் தில்லிக்கு வந்த புதிதில், ரஃபி மார்க் பக்கம் நான் வழக்கமாக ஏறும் அம்பாசிடர் வாடகைக் கார் ஒன்று இருந்தது. ஓட்டுநர் பஞ்சாபிப் பெரியவர். ஒருநாள் கார் வழக்கத்துக்கு மாறாகச் சீறிப் பாய்ந்தது. விபத்தில் சிக்கிய வேறொரு காரின் என்ஜினை மலிவாக வாங்கிப் பொருத்தியதாகப் பெருமையுடன் சொன்னார். "பிரேக்?" என்று கேட்டேன். "அது பழையதுதான். இரண்டு விளக்குக் கம்பம் முன்னாலேயே மிதித்துவிட்டால் போதும், சாகிப்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் ஏறவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதில் ஒரு பௌதிக உண்மை இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 110-இல் ஓடினால், வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்தான். ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கும், பின்னால் பட்டை வில்லும் கொண்டு 55 குதிரைத்திறனுக்காக வடிவமைக்கப்பட்ட வண்டி அது. பெரிய என்ஜின் கனமானதாக இருந்தால் முன்சக்கரங்களின் மீது சுமை ஏறும். வளைவில் திருப்புவது மாறும். கிளட்ச், கியர் பாக்ஸ், பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு, ரேடியேட்டர் என ஒவ்வொன்றும் புதிய விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும். என்ஜினைத் தாங்கும் இடத்தில் வைக்கும் பற்றவைப்பு சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. நிறுவனம் இசுசுவைப் பொருத்தியபோது கியர் பாக்ஸும் மாறியது. பிற்கால மாடல்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. தெருமுனைப் பட்டறையில் மாறுவது பெரும்பாலும் என்ஜின் மட்டுமே. காரணம், செலவு. அதைவிட முக்கியமான காரணம், வெளிச்சத்தில் செய்ய முடியாத வேலைக்கு எவரும் மேற்பார்வை இடுவதில்லை.

வெளிச்சத்தில் செய்ய ஒரு காலத்தில் வழி இருந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவில், பதிவு அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தந்து, அவரது ஒப்புதலைப் பெற்று வாகனத்தில் மாற்றம் செய்ய இடமளித்தது. 2000-ஆவது ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை ஏறக்குறைய முழுமையாகச் சாத்திவிட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி எந்த மாற்றமும் கூடாது என்பது இப்போதைய விதி. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது; மாநிலங்களின் விதிகள் மத்தியச் சட்டத்தின் இந்தப் பிரிவுக்கு உட்பட்டவையே என்றது. என்ஜினை மாற்றலாம், ஆனால், அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினாக இருக்க வேண்டும், முன் அனுமதியும் வேண்டும்.

சட்டம் இருக்கும் நிலையில் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் குறை கூற முடியாது. தடைக்குச் சொல்லப்படும் காரணங்களும் அற்பமானவை அல்ல. திருட்டு வண்டியின் என்ஜின் மற்றொரு வண்டியில் ஏறிவிட்டால் காவல்துறைக்குத் துப்புக் கிடைப்பது கடினம். மாற்றம் செய்த கார் மோதி ஒருவர் இறந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் காரணம் தேடும். அலைக்கழிவது பாதிக்கப்பட்ட குடும்பம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தடை வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் தில்லியின் மாயாபுரியில் பழைய என்ஜின்கள் எதற்காக விற்கின்றன? வாங்கியவர்கள் அவற்றைக் கூடத்தில் அலங்காரத்துக்கா வைத்திருக்கிறார்கள்?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அதே 52-ஆவது பிரிவு, வேறு எரிபொருளிலோ மின்கலத்திலோ ஓடும்படி என்ஜினை மாற்றியமைக்க அனுமதிக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1998 ஜூலை ஆணையைத் தொடர்ந்து, தில்லியின் பேருந்துகளும் ஆட்டோக்களும் வாடகைக் கார்களும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியதை நாடே பார்த்தது. பத்தாண்டு கடந்த டீசல் கார்களில் என்ஜினையே கழற்றி வீசிவிட்டு மின்மோட்டார் பொருத்திக்கொள்ளலாம் என்று 2021-இல் தில்லி அரசு அறிவித்தது. மின்கலத்தின் எடையும், மின்மோட்டார் நின்ற இடத்திலேயே தரும் முறுக்கு விசையும் அந்தப் பழைய உடலுக்கு அந்நியமானவைதாம். ஆனால் அங்கே அங்கீகரிக்கப்பட்ட உபகரணம், தரச்சோதனை, பதிவுச் சான்றில் திருத்தம் என ஒரு நடைமுறை இருக்கிறது. நடைமுறை இருப்பதால் அது அனுமதி. இல்லாததால் இது குற்றம். வேறு வேறுபாடு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. புதிய பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் பலகை, அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை. அடிச்சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தத் தகுதி இல்லை. இது சரியான விதி. பாரம்பரியச் சின்னம் என்று சலுகை கேட்பவர் அதைச் சிதைக்காமல் வைத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கண்காட்சிக்குள் நுழையாமல் இன்னும் சாலையில் உழைக்கும் பழைய கார்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 2017-இல் அந்தப் பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதே தயாரிப்பு, அதே வகை என்ஜின் என்று சட்டம் கேட்டால் உரிமையாளர் எங்கே போவார்? பழைய இரும்புக் கடைக்குத்தான் போவார்.

பிரிட்டன் இதைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. அங்கே என்ஜினை மாற்றியவர் அதை வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவே ஒரு குற்றமாகாது. வண்டியை அடியோடு மாற்றியவர்களுக்கு முன்பு மதிப்பெண் முறை இருந்தது. அடிச்சட்டத்துக்கு ஐந்து, அச்சு, கியர் பாக்ஸ், ஸ்டியரிங் போன்றவற்றுக்கு இரண்டிரண்டு, என்ஜினுக்கு ஒன்று. பழைய பாகங்களால் எட்டு மதிப்பெண் தேறினால் பழைய பதிவு எண் தொடர்ந்தது. என்ஜினுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் என்பதைக் கவனியுங்கள். வண்டியின் அடையாளம் அடிச்சட்டத்தில் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

நமக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தண்டனையைச் சேர்த்த அதே 2019 திருத்தம், வாகன மாற்றங்களுக்கான தரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசே வகுக்கலாம் என்று 52-ஆவது பிரிவில் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறது. அந்த வரியைப் பயன்படுத்தினால் போதும். என்ஜின் வாங்கியதற்கான ரசீதும், அது திருட்டு வண்டியுடையது அல்ல என்ற காவல்துறைச் சான்றும், பிரேக் சோதனையும், புகைச் சோதனையும், பற்றவைப்பைப் பார்த்துக் கையொப்பமிடும் பொறியாளரின் சான்றும் கேட்கட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் இன்றைய நிலையில் இவை எல்லாம் இடைத்தரகரின் மேசையில் முடிந்துவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட வேண்டாம் என்கிறேன்.

முதல் அடியாக, ஒரு மாடலில் உற்பத்தியாளரே ஏதேனும் ஒரு காலத்தில் பொருத்தி விற்ற என்ஜினை, அதற்குரிய கியர் பாக்ஸுடனும் பிரேக்குடனும், அதே மாடலின் பழைய வண்டியில் பொருத்தலாம் என்று ஓர் அறிவிக்கை வரட்டும். 1489 சி.சி. அம்பாசிடருக்கு 1817 சி.சி. இசுசு அப்படித்தான் வந்து சேரும். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் தாமாக முன்வந்து சோதனைக்கு உட்பட ஆறு மாத அவகாசம் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுக்கும் விதிகள், 212-ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் முப்பது நாள் வைக்கப்பட வேண்டும். 2019-இல் இந்த வரிகளைக் கவனிக்காமல் கடந்துவிட்ட உறுப்பினர்கள், அந்த முப்பது நாள்களில் அவற்றைப் படித்துப் பார்க்கலாம்.