இரண்டு பைட்டுக்கு எதற்கு வைஃபை?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்ல இரண்டு பைட் போதும். அதைக் கீழே அனுப்ப நம் மாணவர்கள் முதலில் எடுப்பது ஈஎஸ்பி8266 என்ற வைஃபை மாட்யூலை. அது விழிக்கும்போதெல்லாம் ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல் காட்டி, முகவரி வாங்கிய பிறகுதான் வாய் திறக்கும். அனுப்பும்போது 170 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நார்வேயின் நார்டிக் நிறுவனம் வடிவமைத்த என்ஆர்எஃப்24எல்01+ சில்லுக்கு 11.3 மில்லிஆம்பியர் போதும். 32 பைட் தகவலை அது மில்லிவினாடியில் பாதிக்குள் அனுப்பிவிடும். ஆழ்உறக்கத்தில் ஈஎஸ்பியும் 20 மைக்ரோஆம்பியருக்கு இறங்குமே என்பார்கள். இறங்கும், ஆனால் பேட்டரியைத் தின்பது அது விழித்திருக்கும் அந்தச் சில வினாடிகள்தான். பேட்டரியில் ஓடும் கருவிக்கு, சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும் இந்தக் குட்டி ரேடியோவே பொருத்தம் என்பது என் கட்சி.

‘அது ஒழுங்காக வேலை செய்யாது’ என்ற பேர் அதற்கு உண்டு. போலிச் சில்லுகள் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் பாதிப் பழி மின்சாரத்தைச் சேர வேண்டியது. 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாத சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? சரியான வோல்ட் கொடுத்தாலும், அனுப்பும் கணத்தில் அது தள்ளாடினால் செய்தி தொலையும். மாட்யூலின் மின்கால்களை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும் உயிர்பெறும் மாட்யூல்கள் ஏராளம். அனுப்பிய செய்தியை வாங்குவதற்குத் தனி நிலையம் வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. வேண்டும்தான். ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒரே நிலையம் ஆறு கருவிகளுக்குக் காது கொடுக்கும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இவற்றைவிட வலுவானது. இந்தச் சில்லில் மறையாக்கம் கிடையாது. இதே குடும்பச் சில்லுகள் கொண்ட கம்பியில்லா மவுஸ்கள் வழியாகக் கணினிக்குள் விசைகளைத் திணிக்கலாம் என்று 2016-ல் ‘மவுஸ்ஜாக்’ ஆய்வு காட்டியது. தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டுக்கேட்பவனுக்கு லாபம் ஒன்றுமில்லை. கதவுப் பூட்டுக்கோ, சில்லை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலரிலேயே மறையாக்கம் செய்யாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. தூரமும் ஓர் எல்லைதான்: நாலு சுவர் தாண்டினால் திணறும். தோப்புக் கோடியிலிருக்கும் கிணற்றுக்கு, நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ மாட்யூலே சரி. அதை வாங்கும்போது அலைவரிசையைப் பார்க்க வேண்டும்: அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் அல்ல, இந்தியாவில் உரிமமின்றி அனுமதிக்கப்பட்ட 865 முதல் 868 வரை.