ஊட்டிக்கு வரும்வரை இதயம் காத்திருக்காது

நீலகிரி மக்களின் நெடுநாள் கோரிக்கை ஒன்று 2025 ஏப்ரலில் நிறைவேறியது. 143 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 700 படுக்கைகளுடன் கட்டப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஊட்டியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். எதற்கெடுத்தாலும் கோயம்புத்தூருக்கு இறங்கியே பழகிய மலை மக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

ஆனால், ஒருவருக்கு மட்டும் இந்த மருத்துவமனை எட்டாது. சேரம்பாடிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று விழுகிறவர் அவர். நின்ற இதயத்துக்கு யாரும் உதவாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்குகிறது. பத்து நிமிடம் யாரும் கைவைக்கவில்லை என்றால் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். நடுவட்டம், பைக்காரா வழியாக மலையேற வேண்டும். பந்தலூரும் சேரம்பாடியும் கூடலூருக்கும் அப்பால். ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே, இந்த மாவட்டத்தில் நின்ற இதயத்துக்கான சிகிச்சை, ஆள் விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கான கைகளும் கருவியும் அங்கேயே இருக்க வேண்டும்.

மாரடைப்புக்காகத் தமிழ்நாடு செய்திருப்பவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோவையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று உருவாக்கிய திட்டம், சிறிய ஊர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தது. சிறிய மருத்துவமனையில் இசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்பும் முறை அது. மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததாக 2017-இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை கொண்டுபோனது. இரண்டுமே அருமையான பணிகள்.

ஆனால், இவை மூச்சும் நினைவும் உள்ள நோயாளிக்கானவை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவது. அடைபட்ட இதயம் சில வேளை திடீரென்று தாளம் தப்பி, புழு நெளிவதுபோலத் துடிதுடிக்கும், ரத்தம் வெளியேறாது. அந்த நொடியில் ஆள் சரிந்துவிடுவார். மாத்திரையை விழுங்க அவருக்கு நினைவு இருக்காது. அப்போது வேண்டியவை இரண்டு: மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்க நெஞ்சை அழுத்தும் கைகள், தாளத்தைச் சீராக்கும் மின்னதிர்ச்சி. இதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேராகப் போன பிறகு மின்னதிர்ச்சி கொடுப்பதாகச் சினிமாவில் காட்டுகிறார்கள். அது தவறு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் முழுதாக நிறுத்துவதுதான் அதிர்ச்சியின் வேலை. நின்ற இதயம் தன் இயல்பான தாளத்தைத் தானே மீண்டும் பிடித்துக்கொள்ள அந்தக் கணம் வழிவிடுகிறது.

இந்தச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று மின்கம்பத்தடியில் இருக்கிறது. கம்பியில் வேலை செய்த லைன்மேன்கள் மின்சாரம் தாக்கி இறப்பதைக் கண்டு கவலைப்பட்ட அமெரிக்க மின் நிறுவனங்கள் 1920-களில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த ஆராய்ச்சியைக் கையிலெடுத்த வில்லியம் கோவன்ஹோவன் மருத்துவர் அல்ல, மின் பொறியாளர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் இங்கே பைக்காரா நீர்மின் திட்டத்துக்கு மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 1932-இல் அங்கிருந்து இறங்கிய மின்சாரம் கோவையின் ஆலைகளை ஓட்டியது. கொன்ற மின்சாரத்தையே உயிர் மீட்கவும் பயன்படுத்தலாம் என்று உலகம் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மாகாணத்துக்கே மின்சாரம் கொடுத்த இந்த மலைக்கு அந்தப் பாடம் முழுமையாக வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

மனித உடலில் முதல் வெற்றி 1947-இல் கிடைத்தது. கிளீவ்லண்ட் நகர அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்புக்குள் இதயத்தின் மீதே மின்தகடுகளை வைத்து அவனை மீட்டார். 1956-இல் பாஸ்டனின் பால் ஸோல் மார்பைத் திறக்காமலே அதைச் செய்துகாட்டினார். 1962-இல் பெர்னார்ட் லௌன் நேர்மின்னோட்டத்துக்கு மாறினார். கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் செலுத்தும் முறை வந்ததும், கருவிக்குச் சுவர் பிளக்கே வேண்டும் என்ற நிலை போனது. 1965-இல் பெல்ஃபாஸ்ட் மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் கார் பேட்டரிகளில் இயங்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை 70 கிலோ. அடுத்த சில ஆண்டுகளிலேயே எடை மூன்று கிலோவை ஒட்டி வந்துவிட்டது. பின்னர், இதயத் தாளத்தைத் தானே கணித்து, ‘தள்ளி நில்லுங்கள்’ என்று குரல் கொடுத்து, தேவையானால் மட்டும் அதிர்ச்சி தரும் ஏஇடி வந்தது. இன்று உலகின் பல விமான நிலையங்களில் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது.

இந்த வரலாறு முழுவதும் கருவி ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது: மருத்துவரிடமிருந்து விலகி, விழுந்தவரை நோக்கி. நீலகிரியில் அது பாதி வழியில் நிற்கிறது. மருத்துவமனைகளிலும் மேம்பட்ட உயிர்காப்பு வசதி கொண்ட 108 வண்டிகளிலும் மின்னதிர்ச்சி தரும் இந்த டிஃபிப்ரிலேட்டர் உண்டு. தேயிலைக் காட்டுக்குள் அது இறங்கவில்லை.

கோவன்ஹோவனின் ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொன்று எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 1958-இல் கை நிக்கர்பாக்கர் என்ற பொறியியல் மாணவர், நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தி வைத்த மாத்திரத்தில் அதன் ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். மின்சாரம் பாய்வதற்கு முன்பே ஏறியது. வெறும் அழுத்தமே ரத்தத்தைத் தள்ளியிருக்கிறது! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து மூவரும் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். சிபிஆர் என்று நாம் இன்று சொல்வதன் இதயப்பகுதி பிறந்தது இப்படித்தான். கருவியைச் செய்ய முனைந்தவர்களே, கருவி வரும்வரை உயிரைப் பிடித்துவைக்கக் கை போதும் என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது அதே சேரம்பாடித் தோட்டத்துக்கு வருவோம். ஜூன் மாதம், மழை. விழுந்தவர் மேல் நனைந்த கம்பளியும் பிளாஸ்டிக் படுதாவும் சுற்றியிருக்கின்றன. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் அவரைச் சரிவிலிருந்து சமமான தரைக்கு இழுத்துக் கிடத்தி, நெஞ்சின் நடுவே கைமேல் கை வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 120 முறை. வாயில் ஊத வேண்டியதில்லை. பொதுமக்கள் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்பதே இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வகுத்த வழிமுறை. மூன்றாமவர் கருவியை எடுத்து வர ஓட வேண்டும். பெட்டி வந்ததும் சட்டையையும் கம்பளியையும் விலக்கி, மார்பை உலரத் துடைக்க வேண்டும். ஈரத்தில் கருவியின் மின் ஒட்டுகள் நிற்காது. ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு கருவி சொல்வதைக் கேட்டால் போதும்.

விழுந்தவர் பெண் என்றால் மார்பைத் திறக்கச் சுற்றியிருக்கும் ஆண்கள் தயங்குவார்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆகவே பயிற்சியும் முதலில் பெண்களுக்குத்தான் வேண்டும். படிப்பு குறைந்தவர்களுக்கு இது வருமா என்று கேட்பவர்கள் கூடலூருக்குப் போய்ப் பார்க்கலாம். 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில், பள்ளியை முடிக்காத பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. இதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான். சிதறிக் கிடக்கும் ஹட்டிக் கிராமங்களிலும் லைன் வீடுகளிலும் ஒவ்வொரு வாசலிலும் பெட்டி வைக்க முடியாது. உண்மைதான். அங்கே கையும் போனும்தான் வழி. 108-ஐ எடுக்கும் பணியாளர், வண்டியை அனுப்பிவிட்டு போனை வைத்துவிடாமல், ‘அழுத்துங்கள், நான் எண்ணுகிறேன்’ என்று கூடவே இருக்க வேண்டும். கருவியை ஆட்கள் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். காலையில் பேர் கொடுக்கும் இடம், கொழுந்து எடை போடும் கொட்டகை, தொழிற்சாலை வாசல், பேருந்து நிலையம். இன்கோசர்வின் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தலா ஒன்று வாங்கினால், ஒரு ஏஇடி லட்ச ரூபாயை ஒட்டிய விலை என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 16 லட்சம்தான். 143 கோடிக்குக் கட்டத் தெரிந்த அரசுக்கு இது பொருட்டே இல்லை.

சுற்றுலா இடங்களுக்கு வேறு கணக்கு. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. வரம்புக்குள்ளேயே அவ்வளவு கூட்டம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவிலும் மலர்க் கண்காட்சி நேரத்துத் தாவரவியல் பூங்காவிலும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் சேரிங்கிராஸைத் தாண்டவே நேரமாகும். இங்கெல்லாம் கருவி இல்லாமலிருக்கக் கூடாது. சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வழங்கும்போதே கருவி எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் போனுக்கு அனுப்பிவிடலாம்.

வாங்கும்போது மூன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கருவி தமிழில் பேச வேண்டும்; கூடலூர்ப் பக்கம் மலையாளத்திலும். ஆங்கிலக் குரல் கேட்டுப் பதறி நிற்கும் அரை நிமிடம் விலை மதிப்பற்றது. இரண்டாவது, குளிர். பல ஏஇடி-க்கள் பூஜ்யத்திலிருந்து 50 டிகிரி வரையிலான வெப்பநிலைக்கானவை. தலைகுந்தாவில் உறைபனி கொட்டும் ஜனவரி இரவில் வெளிச்சுவரில் மாட்டினால் பேட்டரியும் ஒட்டும் கெடும். மூன்றாவது, பராமரிப்பு. ஒட்டுகள் சில ஆண்டுகளில் காலாவதியாகும். யார் மாதம் ஒருமுறை கருவியின் நிலை காட்டும் விளக்கைப் பார்த்துக் கையெழுத்திடுவது என்று பெயர் எழுதி ஒட்டாத கருவி, இரண்டே ஆண்டில் வெறும் பெட்டியாகிவிடும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்ட இடங்களுக்குப் புனேயின் ஜீவ்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு வழி கண்டிருக்கிறது: மின்சாரம் இல்லாவிட்டால் கையால் சுழற்றியே மின்னேற்றும் டிஃபிப்ரிலேட்டர். எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கும் மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பொருந்தக்கூடிய இந்தியக் கண்டுபிடிப்பு இது. மருத்துவத் துறை இதை இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்கிறது. தோட்டத்தில் சரிந்தவரின் நெஞ்சை அழுத்துகிறவர் அதன் வரம்பில் வரமாட்டார். விலா எலும்பு முறிந்தால் நம்மேல் பழி வருமோ என்று அஞ்சும் மேஸ்திரிக்கு மாநில அரசு உறுதி கொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதியை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. அதற்கான மாநில விதிகளில், எத்தனை தொழிலாளருக்கு ஒரு ஏஇடி, எத்தனை பேருக்குப் பயிற்சி என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

மாவட்ட ஆட்சியரும் இன்கோசர்வ் நிர்வாகமும் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், அடுத்த தென்மேற்குப் பருவமழைக்குள் 16 தொழிற்சாலைகளிலும் பெரிய எஸ்டேட்களிலும் நெஞ்சழுத்தப் பயிற்சியைத் தொடங்கிவிட முடியும். கருவிக்கு டெண்டர் விட்டு வாங்கச் சில மாதங்கள் ஆகலாம். பயிற்சியை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம்.