அவையறிதலும் அவையஞ்சாமையும்

சென்ற பாடசாலை விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் ஹட்டனில் என் இல்லத்துக்கு வந்திருந்தான். தோட்டத்து லயத்திற் பிறந்தவன். உயர்தரம் வரை பயின்றவன். கொழும்பிற் கடையொன்றிற் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்பொழுது கைத்தொலைபேசி ஒன்றையே கருவியாகக் கொண்டு, மலையக மக்களின் வாழ்க்கையைப் படம்பிடித்து யூடியூபிலும் முகநூலிலும் வெளியிட்டு வருகின்றான். தன் புதிய காணொளிக்கு நல்ல தமிழில் ஒரு தலைப்பு வேண்டும் என்பது அவன் வந்த நோக்கம். தலைப்பைப் பற்றிப் பேசுமுன் தன் தொலைபேசியில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினான். அந்தக் கோடே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவன் முன்னர் வெளியிட்ட காணொளி ஒன்றில், கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி தன் சம்பளச் சீட்டை விரித்து வைத்துக் கணக்குச் சொல்லுகிறாள். எத்தனை நாள் முழுப்பேர், எத்தனை நாள் அரைப்பேர், எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒழுங்காக எடுத்துரைக்கிறாள். ஈற்றில், மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்குகிறாள். பார்ப்போர் எந்த விநாடி வரை நின்றனர், எவ்விடத்தில் விலகினர், எப்பகுதியைத் தேடிவந்து மீண்டும் பார்த்தனர் என்பதையெல்லாம் யூடியூப் நிறுவனம் காணொளி வெளியிட்டவருக்குக் கோடாக வரைந்து காட்டுகின்றது. சம்பளக் கணக்குத் தொடங்கியதும் அக்கோடு மலைச்சரிவு போல இறங்கிற்று. கண்ணீர் வந்த இடத்தில் மீண்டும் நிமிர்ந்து நின்றது.

“சனம் இதைத்தான் பாக்குது சேர். அழுகைய முன்னுக்கு வச்சிட்டு, கணக்க வெட்டிடப் போறேன்” என்றான்.

கையிலிருந்த தேநீர் ஆறும்வரை எனக்கு மறுமொழி வரவில்லை.

எண்களை இகழ்ந்து பேசுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது குறளின் 72ஆவது அதிகாரம். கேட்போர் யாவர், அவர்தம் தகுதி யாது என்றறியாமற் பேசுவோனை அவர் சொல்வன்மையுடையோனாகக் கொள்ளவில்லை. பின்வரிசையிற் கொட்டாவி விடும் மாணாக்கனைக் காணாது பாடம் நடத்தும் ஆசிரியன் சுவருக்கே பாடம் நடத்துகின்றான். என் மாணாக்கனுக்கு அக்கோட்டுப்படங்கள் கற்பித்தவை பல. அவனுடைய காணொளிகளைப் பெரும்பாலோர் வேலை முடிந்த இரவு நேரத்தில், சிறிய தொலைபேசித் திரையிற் பார்க்கின்றனர் என்று அறிந்தான், எழுத்துக்களைப் பெரிதாக்கினான். தமிழ்நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து பார்ப்போர், ‘மடுவம்’ ‘அரைப்பேர்’ என்னுஞ் சொற்கள் வருமிடத்தில் விலகுவதைக் கண்டான். அவற்றுக்கு விளக்கம் சேர்த்தான். இவை குற்றமா? அல்ல, அவையறிதலே ஆகும்.

அவனுடைய இடரும் அறியத்தக்கது. விளம்பர வருவாயிற் பங்கு பெறுதற்கு ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் யூடியூப் விதித்த வாயில். வீட்டில் நோயுற்ற தந்தையை வைத்துக்கொண்டு அவ்வாயிலின் முன் நிற்கும் இளைஞனிடம் ‘எண்ணைப் பாராதே’ என்று உபதேசிக்க எனக்கு என்ன உரிமை உண்டு?

ஆயினும், அந்த எண்ணைத் தருவது யார், எதை எண்ணித் தருகின்றனர் என்று வினவுதல் வேண்டும். 2012க்கு முன் யூடியூப் ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தனர் என்பதையே பெரிதாகக் கொண்டது. அவ்வாண்டில், எத்தனை நேரம் பார்த்தனர் என்பதற்கு முதன்மை கொடுத்தது. உடனே உலகெங்கும் காணொளி செய்வோர் தம் முறையை மாற்றிக்கொண்டனர். முகநூலின் கதை இன்னுங் கடுமையானது. 2017இல் அந்நிறுவனம், ஒருவர் இடும் ‘லைக்’ ஒன்றுக்கு ஒரு மடங்கும், கோபம், அழுகை, சிரிப்பு முதலிய முகக்குறிகளுக்கு ஐந்து மடங்கும் எடை வைத்ததாக, முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் 2021இல் வெளிப்படுத்திய ஆவணங்களால் உலகம் அறிந்தது. கோபக்குறியின் எடையை அந்நிறுவனமே 2020இல் சுழியாக்கிற்று.

இடைப்பட்ட காலத்தில் நம் மலைநாட்டில் நிகழ்ந்ததை மறத்தல் இயலாது. 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்துத் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, முகநூல் முதலியவற்றைச் சில நாள் முடக்கி வைத்தது. அவற்றின் வழியே பரவிய வெறுப்புரை எரியும் வீட்டில் வார்த்த எண்ணெயாயிற்று. தன் மேடை அவ்வாறு பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தந் தெரிவித்தது. ஐந்து மடங்கு எடையே திகனைக்குக் காரணம் என்று யான் கூறேன். பகைக்கு வேறு வேர்களும் உண்டு. ஆனால் கோபத்துக்கு மிகை எடை வைக்கும் தராசின் முன் கோபமே குவியும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டா.

தராசைப் பற்றி நம் மக்களுக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுவை வேளையில் நின்று பார்த்தவர் அறிவர். தராசு பறித்தவளுடையது அன்று. சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதும் அவள் முடிவு அன்று. அதினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இரண்டிலையும் ஒரு மொட்டுமே நல்ல கொழுந்து. எடை ஒன்றே கூலியைத் தீர்மானிக்கும் நாளிலோ, முற்றிய இலையும் கூடைக்குள் விழும். முற்றிய இலை எடை கூட்டும், தேயிலையின் தரத்தைக் கெடுக்கும். பறித்தவள்மீது மட்டும் பழி சுமத்தல் தகுமோ? எதற்குக் கூலியோ அதுவே கூடையை நிரப்பும். கண்ணீர் என் மாணாக்கனின் கூடைக்கு எடை கூட்டும் இலை. அது பொய்யன்று, அந்தத் தாயின் உண்மைக் கண்ணீரே. ஆயினும் கணக்கை நீக்கி அதை மட்டும் நிறுத்துக் காட்டினால், அவள் உழைப்பாளியாகத் தோன்றாள். இரக்கத்துக்குரிய ஒரு முகமாகவே தோன்றுவாள்.

இவ்வழி எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கும் சான்று தொலைவில் இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் காட்சிகளை வெளியிட்டு வந்த யூடியூபர் ஒருவர், ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளையை இழிவுபடுத்திப் பேசினார் என்ற முறைப்பாட்டின் பின் 2025 மார்ச்சில் யாழ்ப்பாண மாவட்டத்திற் கைதானார். உதவி பெறுபவர் தம் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அதை உதவி என்பது சொல்லுக்கு இழுக்கு.

இனி, கூட்டஞ் சேர்க்கும் கலை நமக்குப் புதியதன்று. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் வளர்த்தபோது, அவர் துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மக்கள் நன்கறிந்த மெட்டுக்களை எடுத்துக்கொண்டமை அவையறிதல். அம்மெட்டுக்குள் உரிமையையும் நியாயத்தையும் வைத்தமை, அவையின் எளிய விருப்பத்துக்கு அஞ்சாமை. 2018 அக்டோபரில், ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு, கறுப்புடை அணிந்த மலையக இளைஞர் கொழும்பு காலிமுகத்திடலிற் கூடினரே, அவர்களும் சமூக ஊடகங்களின் வழியேதான் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். அவர்கள் சுமந்து சென்றது கண்ணீரை அன்று, ஓர் எண்ணை. சம்பளக் கணக்கைச் சனம் கேளாது என்பார்க்கு அதுவே விடை.

வள்ளுவர் அவையறிதலோடு நின்றாரல்லர். அடுத்து, 73ஆவதாக, அவையஞ்சாமை என்ற அதிகாரத்தையும் வைத்தார். கற்றதை அவைமுன் சொல்ல அஞ்சுவோன் கல்வி பயன்படாது என்பது அவர் துணிபு. வரிசையை நோக்குக: முதலில் அறிதல், பின்பு அஞ்சாமை. முன்னது எப்படிச் சொல்வது என்பதைக் கற்பிக்கும். எதைச் சொல்வது என்பதைப் பின்னதே காக்கும். எண் முதலாவதற்கு நல்ல பணியாள்; இரண்டாவதற்கு அதை எசமானாக்கினால் கேடு சூழும்.

இதை எழுதும் யானும் இந்நோய்க்குப் புறம்பானவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இலக்கியச் சொற்பொழிவு ஒன்றை மாணாக்கர் யூடியூபில் ஏற்றினர். கேட்டவர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு வாரம் நாள்தோறும் யாரும் அறியாமல் அவ்வெண்ணைப் பார்த்திருந்தேன். அடுத்த சொற்பொழிவில் வேடிக்கைக் கதைகள் சற்று மிகுந்தன என்பதை எனக்குப் பின்னரே உணர முடிந்தது.

ஆகவே என் மாணாக்கனுக்கு யான் உபதேசம் செய்யவில்லை. “தம்பி, அந்த அம்மா இதைப் பார்த்தாரா?” என்று மட்டுங் கேட்டேன். காட்டவில்லை என்றான். தலைப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று அனுப்பிவிட்டேன்.

இரு வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தான். கண்ணீரை முன்வைத்துக் கணக்கை வெட்டிய புதிய காணொளியை, வெளியிடுமுன் அவளிடம் காட்டினானாம். அவள் முழுவதும் பார்த்துவிட்டு, “நான் சொன்ன கணக்கு எங்க தம்பி?” என்று கேட்டாளாம். அவனிடம் விடை இருக்கவில்லை. பின்னர் கணக்கை முன்னே வைத்து, சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் பெரிய எழுத்திற் காட்டி, மீண்டும் செய்து வெளியிட்டிருக்கின்றான்.

பார்த்தோர் கூடினரா, குறைந்தனரா என்று கேட்க நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.